இருபது நட்டு

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கக் கூடியவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். இது மற்றவர்களுக்கு, அதாவது நமக்கு. எழுந்திருக்கும்போது நம் முழங்காலில் ஒரு சத்தம் வருகிறதே, அந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது ஒரு ஜீப் சக்கரத்தில்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயது, அல்லது பத்து. பிறந்த தேதியை எழுதி வைக்கிற அளவுக்கு நான் முக்கியமான ஆள் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் மூன்றாம் வகுப்பின் வாசற்படி வரை போயிருக்கிறேன். எழுத்துகளைப் பிற்பாடு டயர் மேலிருந்தும் ஆயில் டின் மேலிருந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தேன்.

அப்பா கொள்ளேகாலில் ஒரு ரைஸ் மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மில் முதலாளியோடு ஒரு நாள் வாய்த்தகராறு முற்றி, சாவியை நெல் குவியலுக்குள் வீசிவிட்டு வந்துவிட்டார். சாவி எப்போது கிடைத்தது என்று தெரியாது. நாங்கள் திரும்பிப் போக முடியாது என்பது மட்டும் தெரியும். அப்படித்தான் மைசூருக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. தமிழ்க் கிறிஸ்தவர். சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஆம்பிளைக் கடிகாரம். சுற்றுக் கிராமங்களுக்குப் போய் வருவதற்காக ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. சேற்றில் இறங்கினால் எருமை மாதிரி சந்தோஷமாகப் போகும். எங்களுக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள் வந்து போயிருந்தார்கள். ஏன் போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"ஜீப் ஓட்டியிருக்கியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பர்மா பூரா ஓட்டியிருக்கறனுங்கம்மா. சண்டையில."

"அப்போ எடு, பாக்கலாம்."

அப்பா மாப்பிள்ளை மாதிரி நடந்து போய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். முன்னால் ஸ்டீரிங் இல்லை. அமெரிக்க ஜீப்புக்கு ஸ்டீரிங் இடது பக்கம். அப்பா கொஞ்ச நேரம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். இறங்கிச் சுற்றி வந்து இடது சீட்டையும் துடைத்தார். உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

எங்கப்பா எவ்வளவு சுத்தமான மனுஷன் என்று நான் நினைத்தேன். என் புத்தி அந்த அளவில்தான் இருந்தது.

"ஒரு மாசம் பாக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

உண்மை என்னவென்றால், அப்பா பர்மாவில் ராணுவ லாரிக் கம்பெனியில் சமையல்காரர். அண்டாவை ஏற்றி இறக்க லாரியை முன்னே பின்னே நகர்த்தி ஓட்டப் பழகியவர். வண்டி நன்றாகவே ஓட்டுவார். ஆனால் ஜீப்பை அவர் பர்மாவில் பார்த்ததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில், அதில் வந்து இறங்குகிறவர்களோடு சேர்த்துத்தான். அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் சட்டம்: சமையல், அண்டா, கரண்டி என்கிற வார்த்தைகள் வாசலுக்கு வெளியே போகக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அம்மா அதுவரை குடம் தூக்கியே தலை நடுவில் வழுக்கை கண்டவள். சும்மா இருக்கும்போதுகூடக் குழாயைத் திறந்து பார்ப்பாள், வருகிறதா என்று. வந்தால் மூடிவிட்டுச் சிரிப்பாள்.

"ஏனுங், இந்த ஒரு மாசத்த மட்டும் ஒழுங்கா ஓட்டிப்புடுங்க. இந்தக் குழாய விட்டுப்போட்டு நான் வர மாட்டேன். நீங்களும் உங்க பையனும் வேணா போங்க."

எனக்கும் ஜீப்பில் உத்தியோகம் இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு, முன்னால் போகிற மாட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. வலது முன்சீட்டில் டாக்டரம்மா இருப்பார். ஆனால் ஏறினதும் தூங்கிவிடுவார், ராத்திரியெல்லாம் பிரசவம் பார்க்கிறவர். அதனால் நான் பின்னால் வலது ஓரத்தில் தொங்கிக்கொண்டு "பஸ் வருது, இருங்க", "இப்ப போலாம்" என்று கத்துவேன். அப்பாவின் வலது கண் நான். பொறுப்பான பதவி. மூக்கில் ஈ நுழைந்தாலும் நகரக் கூடாது.

முதல் சோதனை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வந்தது. டாக்டரம்மா அங்கே ஒரு வீட்டில் கஷ்டமான பிரசவத்துக்காகத் தங்கிவிட்டார். "நாளைக் காலையில வந்து கூட்டிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது, காவேரிப் பாலம் தாண்டியதும், பின் இடது சக்கரம் பஞ்சர்.

சக்கரத்துக்கு ஐந்து போல்ட், ஐந்து நட்டு. அப்பா ஸ்பானரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. எச்சில் தொட்டு அழுத்தினார். அசையவில்லை.

"ராணுவத்தான் முடுக்குனது. அப்படித்தான் இருக்கும்" என்றார். "டேய், ஏறு மேல."

ஸ்பானர் கைப்பிடி இடது பக்கமாகக் கிடைமட்டத்தில் நின்றது. லாரியில் நட்டுக் கழற்ற அப்படித்தான் வைப்பார்கள். நான் அதன் நுனியில் ஏறி நின்றேன். அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கரும்பு வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"குதி!"

குதித்தேன். 'க்ரீ...ச்' என்று உள்ளே எங்கேயோ ஒரு முனகல். இன்னொரு குதி. 'டக்!' ஸ்பானரும் நானும் மண்ணில். நட்டு கழன்றே விட்டது என்று எடுத்துப் பார்த்தால், அதோடு பாதி போல்ட்டும் உடைந்து வந்திருந்தது.

கரும்பு வண்டிக்காரர் கை தட்டினார். "பீமா! பீமா!" என்றார்.

நான் மார்பை நிமிர்த்தினேன். அப்போது என் எடை, சொன்னால் சிரிப்பீர்கள், இன்று என் மாத்திரை டப்பா இருக்கிற எடை. ஆனாலும் நம்பினேன். இரண்டாவதையும் உடைத்தேன். மூன்றாவதையும் உடைத்தேன். அப்பாதான் பயந்து நிறுத்தினார். மிச்சம் இரண்டு நட்டு. சக்கரத்தைக் கழற்றவும் முடியாது, நம்பவும் முடியாது. மெதுவாகக் காற்று இறங்குகிற பஞ்சர் என்பதால் நான்கு இடத்தில் நிறுத்தி பம்பு அடித்துக்கொண்டு, மாடுகள் எங்களை முந்திப் போகிற வேகத்தில் மைசூர் வந்தோம். உடைந்த துண்டு ஒன்றை நான் டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். அதன் முனையில் மண்வெட்டி மாதிரி ஒரு கோடு வெட்டியிருந்தது. கம்பெனிக்காரன் அழகுக்காகப் போட்டது என்று நினைத்தேன்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், வாழைத்தார் இறங்குகிற இடத்தை அடுத்து ஒரு மெக்கானிக். அவர் பர்மாவில் நிஜமாகவே ஜீப் ரிப்பேர் பார்த்தவர். ஆஸ்பத்திரி வண்டி வேலையெல்லாம் அவரிடம்தான் போகும். பட்டறையில் இடது சுவரில் சிவப்புக் கயிற்றில் நட்டு மாலை, வலது சுவரில் வெள்ளைக் கயிற்றில் நட்டு மாலை. சாமிக்குப் போட்டதாக்கும் என்று நான் கும்பிட்டுவிட்டேன்.

மெக்கானிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "ரெண்டு நட்டுல ஸ்ரீரங்கப்பட்டணத்துலேர்ந்து வந்திங்களா? சக்கரம் உங்களுக்கு முந்தி ஊருக்கு வந்திருக்கும்ணா. யாரு உடைச்சது?"

"நாந்தான்!" என்றேன்.

"நீயா? எப்படி?"

கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது, எப்படிக் குதித்தேன் என்று செய்தே காட்டினேன். டவுசர் பையிலிருந்து போல்ட்டுத் துண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் முனையிலிருந்த மண்வெட்டியைக் கட்டை விரலால் தடவினார். அப்பாவைப் பார்த்தார்.

"இது லெஃப்ட் மரைண்ணா. முனையில 'L' போட்டிருக்கு பாருங்க. ஜீப்புக்கு இடது சக்கரத்துல அப்படித்தான் வரும். நீங்க கழட்டலை, இன்னும் இறுக்கியிருக்கீங்க. பர்மால நீங்க ஓட்டினீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்களே, எந்தக் கம்பெனி?"

"அது... பல கம்பெனியில இருந்தனுங்."

"அங்க யாரும் சொல்லலையா?"

"எங்க கம்பெனியில அப்படி இல்லீங். வேற மாதிரி."

அப்பாவின் கழுத்தில் வியர்வை. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கப்பாவைப் போய் ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் பேசுகிறாரே என்று, பீமனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கப்பா பர்மால ஒரே அண்டாவுல எரநூறு பேருக்குச் சோறாக்குவாரு! தெரியுமா?"

மெக்கானிக் போல்ட்டுத் துண்டை என் கையில் திருப்பி வைத்தார்.

"ஓ" என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நல்ல விஷயம். பழைய அச்சு ஒன்றிலிருந்து மூன்று போல்ட்டுகளைத் தட்டி எடுத்து வந்தார். மிச்சமிருந்த இரண்டு நட்டையும் ஸ்பானரை மறுபக்கம் திருப்பி, ஒரே அழுத்தில், பல்லிடுக்கில் பீடியோடு கழற்றினார். சக்கரத்தையும் அதன் பின்னாலிருந்த டிரம்மையும் எடுத்து, உடைந்ததைப் பின்பக்கமாகச் சுத்தியலால் தள்ளி, புதுசை உள்ளேயிருந்து சொருகி அடித்து உட்கார்த்தினார். மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். சிவப்புக் கயிற்றிலிருந்து நட்டு எடுத்தார். "வரிசையா முடுக்காதீங்க. ஒண்ணு இங்க, அடுத்தது எதிர்ல. ஐம்பது மைல் ஓடினதும் இன்னொரு தரம் முடுக்குங்க. இல்லாட்டி தானா இளகும். ஜீப்பு, உல்டா. நெனப்பு வெச்சுக்குங்க. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

"ஆங், ஆங்" என்றார் அப்பா. என் வாய் போட்ட போட்டில் அவர் காது அடைத்துப்போயிருந்தது. அதற்குள் போய்ச் சேர்ந்தது ஒரே வார்த்தை: உல்டா.

கிளம்பும்போது மெக்கானிக் வண்டியில் கை வைத்து நிறுத்தினார். "அண்ணா, ஒரு ஞாயித்துக்கெழமை வந்து எங்க பசங்களுக்கு ஒரு மட்டன் குழம்பு வெச்சுக் குடுங்க. எரநூறு பேர் இல்ல, அஞ்சே பேர்தான்."

வீட்டுக்குப் போனதும் எனக்கு விழுந்தது. அம்மா அடித்தாள். அப்பா அடிக்கவில்லை, அடிக்கக் கை ஓடாத அளவு பயந்திருந்தார்.

"வாயா அது? ஓட்டைக் குழாயா? நம்ம குழாயாவது மூடுனா நிக்குது!" என்றாள் அம்மா. இனி ஜீப்பில் 'பஸ் வருது', 'இப்ப போலாம்' தவிர ஒரு வார்த்தை நான் பேசக் கூடாது என்று குழாயடியில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். கையோடு அந்தப் போல்ட்டுத் துண்டையும் பிடுங்கிக்கொண்டாள். பிறகு வெகுகாலம் அது காப்பிக்கு இஞ்சி தட்ட உபயோகப்பட்டது. கெட்டியான இரும்பு. அறை மாறும்போது எங்கேயோ போய்விட்டது. வேறு எந்தச் சாமானையும் நான் அவ்வளவு தேடவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவைக் கூட்டிவரப் போனோம். ஏறுவதற்காக வண்டியைச் சுற்றி வந்தவர் பின் இடது சக்கரத்தைப் பார்த்தார்.

"மூணு நட்டு புதுசா இருக்கே?"

"பழசு சரியில்லீங்கம்மா. நானே மாத்திட்டனுங்."

"ம்" என்றார். ஏறினார். அன்று மட்டும் தூங்கவில்லை.

மெக்கானிக் எப்போது சொல்லுவாரோ என்று அப்பா அந்த மாதம் முழுக்க இளைத்தார். ஞாயிற்றுக்கிழமை போய் மட்டன் குழம்பு வைத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் கேட்டார்கள், போனார். ஐம்பது மைல் ஓடினதும் புது போல்ட் போட்ட அந்தச் சக்கரத்தை மட்டும் உல்டாவாக, எதிரெதிராக, பக்தியோடு முடுக்கினார்.

மாதம் முடிய நான்கு நாள். ஹனூருக்குப் போனோம். அங்கே ஒரு கிராமத்தில் டாக்டரம்மா பார்ப்பதற்காகக் கர்ப்பிணிப் பெண்கள் காலையிலிருந்து காத்திருப்பதாக ஆள் வந்து சொல்லியிருந்தான். கொள்ளேகாலை அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடந்தார், மில் முதலாளி கண்ணில் படக் கூடாதென்று. அதைத் தாண்டிக் கேழ்வரகுக் காடுகளுக்கு நடுவே போகும்போது பஞ்சர். இந்தத் தடவை பின் வலது சக்கரம்.

டாக்டரம்மா மருந்துப் பெட்டியை இறக்கிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்த வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம்.

"ஜீப்புக்கு மரையெல்லாம் உல்டாங்கம்மா. மத்த டிரைவருங்களுக்குத் தெரியாது. ஒடச்சுப்போடுவானுங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை வலது பக்கமாக மாட்டினார். "டேய், ஏறு."

ஏறினேன். குதித்தேன். அசையவில்லை. இன்னொரு குதி.

'க்ரீ...ச்.'

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அப்போது அதுதான். இன்னொரு குதி குதித்தால் 'டக்'. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று குழாயடியில் சத்தியம். போன தடவை வாயைத் திறந்ததை முதுகு இன்னும் ஞாபகம் வைத்திருந்தது.

"குதிடா!"

குதிக்கவில்லை. இறங்கிவிட்டேன்.

"அப்பா, இது ஒடையப் போவுது."

"வாய மூடு."

"அந்தச் சத்தம்ப்பா! பாலத்துகிட்ட வந்த அதே சத்தம். மூணும் அப்படித்தான..."

"மூடுறா!"

"அவனை விடு" என்றார் டாக்டரம்மா. எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போல்ட் முனைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். மண்வெட்டி ஒன்றிலும் இல்லை. ஸ்பானரைக் கழற்றி, கைப்பிடி இடது பக்கம் வருகிற மாதிரி மாட்டினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, செருப்புக் காலால் ஒரே மிதி. முனகிக்கொண்டே நட்டு இளகியது.

"இடது சக்கரம் மட்டும்தான் உல்டா. வலது சாதாரணம்" என்றார்.

அப்பா மண்ணில் உட்கார்ந்தார்.

"அம்மா... நான் பர்மால டிரைவர் இல்லீங்."

"தெரியும்."

"மெக்கானிக் சொல்லிட்டாருங்களா?"

"அவன் என்ன சொல்லணும்? முதல் நாளே வலது பக்கம் ஏறி உக்காந்தியே."

அப்பா தலையைத் தூக்கவில்லை. "அப்புறம் ஏனுங்கம்மா வேலை குடுத்தீங்க?"

டாக்டரம்மா புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "உனக்கு முந்தி வந்த ரெண்டு பேரும் அதே பக்கம்தான் ஏறினாங்க. ரெண்டு பேரும் ஜீப் ஓட்டினவங்கன்னுதான் சொன்னாங்க. ஒருத்தன் என்னைப் பாத்து முறைச்சான். இன்னொருத்தன் ஸ்டீரிங்கை யாரோ திருடிட்டாங்கன்னு கத்தினான். நீ ஒருத்தன்தான் துண்டை எடுத்து சீட்டைத் துடைச்சே."

டாக்டரம்மா ஸ்பானரை அப்பாவிடம் நீட்டினார்.

"ஆனா நீயா வாயைத் திறக்கட்டும்னு இத்தனை நாள் பாத்துட்டிருந்தேன் பாரு, அது என் தப்பு. சக்கரம் கழண்டிருந்தா? எந்திரி. அங்க காத்துட்டிருப்பாங்க."

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மூன்று பெரியவர்கள். ஒருவர் பொய் சொன்னார். ஒருவர் தெரிந்துகொண்டு காத்திருந்தார். ஒருவர் தெரிந்துகொண்டு மட்டன் குழம்பு சாப்பிட்டார். மூவரும் நல்லவர்கள்தான். மூவருடைய கௌரவத்தையும் ஏற்றிக்கொண்டு அந்த ஜீப் ஒரு மாதம் ஓடியிருக்கிறது, மரை கழன்ற இந்தப் பயலையும் சேர்த்து. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒரே ஆள் நான். அடி வாங்கியதும் நான்.

அன்று கிராமத்தில் காலையிலிருந்து காத்திருந்த ஐம்பது அறுபது பேருக்கு அப்பாதான் சமைத்தார். டாக்டரம்மா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். மாதம் முடிந்தது. அம்மாவின் குழாய் அம்மாவுக்கே நின்றது. ஒரே ஒரு நிபந்தனை: வண்டி எடுக்கும் முன்னால் சுற்றி வந்து நான்கு சக்கரத்திலும் இருபது நட்டையும் தொட்டுச் சத்தமாக எண்ண வேண்டும், அவர் காதில் விழுகிற மாதிரி. அப்பா அந்த ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதும் எண்ணினார். நானும் பிற்பாடு லாரி ஓட்டிய காலம் முழுவதும் எண்ணினேன்.

இப்போது மகன் கார் வைத்திருக்கிறான். நட்டே தெரியாது, மேலே ஒரு மூடி. நான் மூடியைத் தொட்டுவிட்டு வருகிறேன். மாமா காருக்குப் பிரதட்சணம் செய்கிறார் என்று மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வாரம் கண் டாக்டரிடம் போகக் கிளம்பினோம். சுற்றி வந்தேன், தொட்டேன், எண்ணினேன். பழைய ஜீப் ஞாபகத்தில், அதுதான் டிரைவருக்குப் பக்கத்து சீட் என்று வலது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முன்னால் ஸ்டீரிங். வெளியே மகனும் மருமகளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்தேன்.